கண்மாயில் இழுவைத் தூண்டில்: வேகத்தை முடிவு செய்யும் முன் ஆழத்தை முடிவு செய்யுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் செட்டிநாட்டுக் கண்மாய்கள் நிரம்பி, மார்கழியில் தண்ணீர் சற்றே தெளியத் தொடங்கும்போது, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் ரீல் பொருத்திய தூண்டில் கம்போடு கரையேறும் இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. தண்ணீருக்குள் இரையை இழுத்துக்கொண்டே மீனைக் கவரும் இழுவைத் தூண்டிலுக்காகப் பெட்டி நிறையச் செயற்கை இரைகள் வைத்திருக்கிறார்கள். பச்சைத் தவளையா, வெள்ளிக் கரண்டியா, சிவப்புத் தலை மீனா என்று நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அந்த இரை தண்ணீரில் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, எந்த வேகத்தில் போகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. மீன் கடிப்பதும் கடிக்காததும் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கிறது. இரண்டில் எதை முதலில் முடிவு செய்வது என்றால், நம் கண்மாய்களைப் பொறுத்தவரை என் பதில் ஆழம். வேகத்தை அந்த ஆழமும் தண்ணீரின் கலங்கலும் சொல்லும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்மாய் மீன் யாருக்கும் சொந்தமில்லாத மீன் அல்ல. மீன்பிடிக்கும் உரிமை மீன்பாசிக் குத்தகையாக ஏலம் போயிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊரிலோ கேட்டு அனுமதி வாங்கிய பிறகே கம்பை எடுக்க வேண்டும். குடிநீர் ஊருணிப் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது. காலைக்கூட நனைக்காமல் ஊரார் தலைமுறைகளாகக் காத்துவரும் தண்ணீர் அது.

இழுவைத் தூண்டில் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளை வைத்துச் சொல்லப்படுபவை. அங்கே மோட்டார் படகின் பின்னால் நீண்ட நரம்பை, அதாவது தூண்டில் நூலை, விட்டு, மணிக்கு இரண்டரை முதல் நான்கு கிலோமீட்டர் வேகத்தில் 'வால்ஐ' என்ற மீனுக்காக இரையை இழுக்கிறார்கள். கோடையில் அந்த ஏரிகளின் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவே வெப்பம் சட்டென்று குறையும் ஒரு மெல்லிய எல்லை. மீன்கள் தமக்குப் பிடித்த வெப்பநிலை எங்கே இருக்கிறதோ அந்த ஆழத்தில் நிற்கும். அதனால்தான் அங்கே நான்கைந்து கிலோ எடையுள்ள ஈயக்குண்டைக் கம்பியில் இறக்கி, அதன் வழியாக இரையை அறுபது, எழுபது அடிக்குக் கொண்டுபோகிறார்கள். நம் பக்கத்தில் அந்த முறையை நினைத்துப் பார்ப்பதென்றால் வைகை அணை போன்ற ஓர் இடம் வேண்டும். 71 அடி வரை தண்ணீர் தேக்கும் அணை அது.

நம் கண்மாய் அப்படியல்ல. நிறைந்து மறுகால் போகும் நாளில்கூட, கரையோர மடைப்பகுதியை விட்டு உள்வாய்ப் பக்கம் போகப் போக ஆள் உயரம், பிறகு இடுப்பளவு, பிறகு முழங்கால். இவ்வளவு ஆழமற்ற தண்ணீரைக் காற்றும் இரவுக் குளிர்ச்சியும் கலக்கிவிடுகின்றன. பகலில் மேற்பரப்பு சூடேறினாலும் அந்த அடுக்கு விடியும்வரை நிலைப்பதில்லை. ஆகவே வெப்பநிலையை வைத்து ஆழம் தேடும் கணக்கு இங்கே பெரிதாக உதவாது. உதவுவது பிராணவாயு.

குளிர்ந்த தண்ணீர் அதிகப் பிராணவாயுவைத் தாங்கும். சூடான தண்ணீர் குறைவாகத்தான் தாங்கும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். இது உச்ச அளவுதான். உண்மையில் இருப்பது நேரத்துக்கு நேரம் மாறும். பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலில் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதை உள்ளிழுக்கின்றன. ஆகவே விடியற்காலையில்தான் கண்மாயில் பிராணவாயு மிகக் குறைவு. அதிலும் இலைதழை மக்கும் அடிச்சேற்றை ஒட்டிய தண்ணீரில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பங்குனி, சித்திரையில் கெண்டைகள் அதிகாலையில் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். பசியால் அல்ல, மூச்சுக்காக வந்திருக்கின்றன. அந்த நேரத்தில் அவற்றின் முன்னால் எதை இழுத்தாலும் திரும்பிப் பார்ப்பது அரிது.

விரால் இதற்கு விதிவிலக்கு. அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருக்கிறது. தண்ணீரில் பிராணவாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சற்று நேரத்துக்கொரு முறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். அதன் சிறிய உறவான குறவைக்கும் அப்படித்தான். செட்டிநாட்டுக் கண்மாயில் இழுக்கும் இரையைத் துரத்திக் கடிக்கும் மீன்களில் முதலிடம் விராலுக்கு என்பதால், நம் முடிவு முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைகிறது. விடியற்காலையில் மற்ற மீன்கள் திணறும்போது விரால் மட்டும் திடமாக இருக்கிறது. அதன் பார்வையும் மேல்நோக்கியே இருக்கிறது.

துரத்தாத மீன்களையும் தெரிந்துகொள்வது நல்லது, வீணாக இழுக்க வேண்டாம் அல்லவா. குத்தகைதாரர்கள் குஞ்சு விடும் மூன்று கெண்டைகளும் ஆழத்தைப் பங்கு போட்டுக்கொண்டவை. கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதன் வாயே மேல்நோக்கி அமைந்திருக்கிறது. ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிமட்டத்தில் மக்கியதைத் தின்னும். வாய் கீழ்நோக்கி இருக்கும். மூன்றுமே ஓடும் இரையைத் துரத்துவதில்லை. இவற்றுக்கு மாவு உருண்டையும் தக்கையும் பொறுமையும்தான். புல்கெண்டை பெயருக்கேற்ப செடி தின்னும். 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லாக் கண்மாய்களையும் நிறைத்துவிட்ட ஜிலேபி மட்டும், தன் கூட்டைக் காக்கும்போது சிறிய ஸ்பின்னரை, அதாவது சுழலும் தகடுள்ள இரையை, ஆத்திரத்தில் கவ்வும்.

ஆக, உண்மையான தேர்வு மூன்று ஆழங்களுக்கு இடையில்: மேற்பரப்பு, நடுத்தண்ணீர், அடித்தளம்.

மேற்பரப்பு என்றால் ரப்பர் தவளை. கொக்கி இரண்டும் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் ஆம்பல் இலையின் மேலும் தாமரைக்கொடியின் நடுவிலும் சிக்காமல் வரும். கண்மாய்க்குள் வளர்ந்திருக்கும் கருவேல மரங்களை நினைத்தால் இது சின்ன நன்மை அல்ல. சமூகக் காடு திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேலமும், தானாகப் பரவிய சீமைக் கருவேலமும் தண்ணீருக்குள் முள்கிளைகளை விரித்து நிற்கின்றன. மூன்று கொக்கி தொங்கும் இரையை அதற்குள் ஆழமாக இழுத்தால், இரை ஒன்றுக்கு முந்நூறு, நானூறு ரூபாய் அங்கேயே தங்கிவிடும். அறுந்த நரம்பும் கொக்கியும் நீர்க்காகத்தின் காலிலும் கொக்கின் கழுத்திலும் மாட்டும் என்பதுதான் ரூபாயைவிட எனக்கு வலிக்கும் நட்டம்.

தவளைக்கு வேகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதிலும் சீரான வேகம் கூடாது. இரண்டு முழம் இழுத்து நிறுத்துங்கள். இலை விளிம்பில் அப்படியே மிதக்க விடுங்கள். பிறகு லேசாகத் துடிக்க விடுங்கள். விரால் பதுங்கிப் பாயும் மீன். குறுகிய தூரம் அம்பு போலப் பாயும். நீண்ட தூரம் துரத்திக்கொண்டு வராது. வேகமாக இழுத்தால் அது பாயும் இடத்தில் இரை இருக்காது. தண்ணீர் பிளந்து சத்தம் கேட்டவுடன் கம்பை வெட்டி இழுப்பதும் தவறு. கவ்விக்கொண்டு கீழே இறங்க ஓரிரு விநாடி கொடுத்து, நரம்பில் பாரம் தெரிந்த பிறகு வெட்டுங்கள்.

நடுத்தண்ணீர்தான் இழுவைத் தூண்டிலின் சொந்த இடம். கரண்டி வடிவ உலோக இரை, ஸ்பின்னர், முன்னால் சிறு தகடு பொருத்திய மீன் வடிவ இரை எல்லாம் இங்கே வரும். வேகத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள உறவும் இங்கேதான் பலரைக் குழப்புகிறது, ஏனென்றால் அது இரைக்கு இரை தலைகீழாக மாறுகிறது. எடையால் மூழ்கும் கரண்டியை வேகமாக இழுத்தால் மேலே ஏறும்; மெதுவாக இழுத்தால் ஆழத்துக்குப் போகும். தகடு பொருத்திய மிதக்கும் இரை நேர்மாறானது. நிறுத்தினால் மேலே மிதக்கும். இழுத்தால் தகட்டில் தண்ணீர் மோதி அதைக் கீழே தள்ளும். ஓரளவு வேகம் வந்த பிறகு அது தன் எல்லை ஆழத்தை அடைந்துவிடும். அதற்கு மேல் வேகத்தைக் கூட்டினாலும் பெரிதாக இறங்காது, ஆட்டம் கெட்டுச் சாய்ந்துதான் ஓடும். தகடு நீளமாக இருந்தால் ஆழம் கூடும். நரம்பு மெல்லியதாக இருந்தாலும் கூடும், ஏனென்றால் தடித்த நரம்பைத் தண்ணீர் அதிகமாகத் தடுத்து மேலே தூக்குகிறது. வெளியே விட்ட நரம்பின் நீளம் கூடினாலும் ஓர் எல்லை வரை ஆழம் கூடும். உறையில் 'மூன்று மீட்டர்' என்று அச்சடித்திருப்பதை நம்பி மூன்று அடித் தண்ணீரில் அதை இழுப்பது சேற்றை உழுவதற்குச் சமம். நம் கண்மாய்க்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இறங்கும் குட்டைத் தகடு இரையே போதும். கடைக்காரர் பெரியதை எடுத்து நீட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

மூழ்கும் இரையின் ஆழத்தை எண்ணியே அறியலாம். தண்ணீரில் விழுந்த கணத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். சாதாரணச் சிறு இரைகள் பெரும்பாலும் விநாடிக்கு ஓர் அடி அளவில் இறங்கும். ஐந்து எண்ணும்போது நரம்பு தளர்ந்துவிட்டால் அங்கே ஐந்தடித் தண்ணீர். அடுத்த வீச்சில் மூன்று எண்ணியவுடன் இழுக்கத் தொடங்கினால் அடியைத் தொடாமல் நடுவில் வரும். வெயில் ஏறிய பிறகு விரால் எந்த எண்ணிக்கையில் கடிக்கிறது என்று கவனித்துவிட்டால், அன்றைக்கு அந்த எண்ணை மாற்றாமல் கரையோரமாக நகர்ந்துகொண்டே போகலாம். இதைவிடச் சிக்கனமான ஆழமானி கிடையாது.

வேகத்துக்கும் எளிய அளவு உண்டு. நடுத்தர அளவு ரீலில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று என்றால் ஒன்றேகால். கலங்கிய செந்நீரில் நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். இதற்கு எதிராக ஒரு நியாயம் உண்டு, அதையும் பார்த்துவிடலாம். மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. குளிர்நாட்டில் ஐப்பசிக்குப் பிறகு மீன் மந்தமாகிவிடும், மெதுவாக இழுக்கிறார்கள். நம் தண்ணீர் மார்கழியிலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, மீனுக்குத் துரத்தும் தெம்பு இருக்கிறது, பிறகு ஏன் மெதுவாக இழுக்க வேண்டும்? தெம்பு இருப்பது உண்மை. ஆனால் மழை முடிந்த கையோடு கண்மாயில் இருப்பது செம்மண் கரைந்த தண்ணீர். கைக்கெட்டும் ஆழத்தில் மூழ்கிய கைவிரல்கூடத் தெரியாது. அங்கே மீன் கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை. உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்வுக்கோட்டால் தண்ணீரின் அதிர்வை உணர்ந்து இடத்தைக் கணிக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். சீராக அதிர்ந்துகொண்டே மெதுவாக வரும் இரையை அது கண்டுபிடிக்கும். பாய்ந்து கடக்கும் இரையைத் தவறவிடும். தை கடந்து தண்ணீர் தெளிந்து, பாசி குறைந்த நடுவெளியில் இழுக்கும்போது விநாடிக்கு ஒரு சுற்று என்று கூட்டலாம். தெளிந்த தண்ணீரில் மெதுவாக வரும் தகரத் துண்டை மீன் நன்றாகப் பார்த்துவிட்டு விலகிப் போகவும் கூடும்.

அடித்தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது கெளுத்தியின் இடம், அங்கே வேகம் சுழியம். மண்புழுவையோ கோழிக்குடலையோ ஈயக்குண்டோடு அடியில் கிடத்திவிட்டு அந்திக்குப் பிறகு காத்திருக்க வேண்டும். மீசையாலும் மோப்பத்தாலும் தேடி வரும் மீனுக்கு இரை ஓட வேண்டியதில்லை. கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்ளும் கையைப் பதம் பார்க்கும், துணியால் பிடியுங்கள். அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் தயவுசெய்து திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். மற்ற மீன்களின் குஞ்சுகளையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

படகா, கரையா, வீச்சா?

ஆழமும் வேகமும் முடிவான பிறகு, இரையை எதைக் கொண்டு இழுப்பது என்ற கேள்வி வருகிறது. பரிசலோ தெப்பமோ கிடைத்தால் துடுப்புப் போட்டுக்கொண்டே பின்னால் இருபது, முப்பது மீட்டர் நரம்பை விடுவது முறையான இழுவைத் தூண்டில். ஓடாத தண்ணீர் என்பதால் செல்பேசி காட்டும் வேகமே இரையின் வேகம். ஆற்றில் நீரோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். துடுப்பு முறையில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் திருப்பம்தான். பின்புறம் இருபக்கமும் ஒவ்வொரு கம்பு வைத்து, பரிசலை வளைவாகத் திருப்பும்போது உள்வளைவுப் பக்க இரை வேகம் குறையும். வெளிவளைவுப் பக்க இரை வேகம் கூடும். கரண்டி கட்டியிருந்தால் உள்ளே இருப்பது தாழும், வெளியே இருப்பது எழும்பும். திருப்பத்தில் எந்தப் பக்கக் கம்பு வளைகிறது என்று பாருங்கள். உள்பக்கம் கடித்தால் நீங்கள் நேராகப் போகும்போது வேகம் அதிகம். வெளிப்பக்கம் கடித்தால் குறைவு. மீனே வந்து சொல்லும் பதில் அது.

ஆனால் இந்த முறை மார்கழி, தை என்ற குறுகிய பருவத்துக்கு, மரங்களற்ற நீண்ட நீர்ப்பரப்புள்ள பெரிய கண்மாய்களுக்கு மட்டும் பொருந்தும். மாசிக்குள் பாசி எழும்பிவிடும். நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்து மட்டம் இறங்கிவிடும். ஆழமற்ற தண்ணீரில் பரிசலின் நிழலும் துடுப்பின் சத்தமும் இருபது மீட்டருக்கு முன்பே விராலைக் கலைத்துவிடும். நீச்சல் தெரியாதவர்கள், காற்றடைத்த மிதவை அங்கி இல்லாதவர்கள் ஏறவே வேண்டாம். கண்மாயில் மண் எடுத்த பழைய குழிகள் எங்கே இருக்கின்றன என்று தண்ணீர் காட்டாது.

பலரும் எண்ணிப் பார்க்காத இன்னொரு வழி, கண்மாய்க் கரையின் மேலேயே நடந்து இழுப்பது. நம் கரைகள் நெடுந்தூரம் ஓடுபவை. கண்மாயின் அதிக ஆழமும் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. பதினைந்து மீட்டர் நரம்பை விட்டு, கம்பைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நடந்தால், படகு இல்லாமலே இழுவை கிடைத்துவிடும். நூறு மீட்டரை மூன்று நிமிடத்தில் கடந்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர். இரண்டு நிமிடத்தில் கடந்தால் மூன்று. மடைக்குழி வரும் இடத்தில் நடையை நிறுத்தினால் கரண்டி தானாக இறங்கும். மீண்டும் நடக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் கடி அதிகம். கரையில் கற்பதித்த சரிவும் முள்மரமும் இருக்கும் இடங்களில் இது நடக்காது. மடைக்கு எவ்வளவு ஆழம், குழி எந்தப் பக்கம் என்று தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியிடம் கேளுங்கள். எந்தக் கருவியையும்விட அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

மூன்றாவது, நின்ற இடத்திலிருந்து வீசி இழுப்பது. ஒரே ஒரு முறையை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் செட்டிநாட்டுக்கு நான் இதையே சொல்வேன். இழுவை என்பது பெரும்பரப்பில் மீன் எங்கே என்று தேடும் முறை. நம் கண்மாயில் விரால் எங்கே என்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரிகிறது. ஆம்பல் விளிம்பு, வரத்துக்கால் வாய், உபரி நீர் வழியும் கலுங்கின் ஓரம், சாய்ந்த கருவேலத்தின் நிழல். மூச்சுக்கு மேலே வந்த இடத்தில் வட்டம் விரியும். தேட வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் படகுக்குச் செலவழிப்பது எதற்கு? கையிலிருக்கும் பணத்தில் ஒரு ரப்பர் தவளை, ஒரு சிறு கரண்டி, ஒரு குட்டைத் தகடு இரை, பின்னல் நூல் ஒரு சுருள் வாங்கிவிட்டால் மாசி முடியும்வரை வேறெதுவும் தேவைப்படாது.

பங்குனிக்குப் பிறகு கணக்கே மாறிவிடுகிறது. மடைக்குழியைச் சுற்றி இருக்கும் கொஞ்சத் தண்ணீரில் எல்லா மீனும் நெருக்கியடித்து நிற்கும்போது ஆழத் தேர்வும் இல்லை, வேகத் தேர்வும் இல்லை. அது ஊர் கூடி ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கும் மீன்பிடித் திருவிழாவின் காலம். அதற்காக ஊர் காத்துவைத்திருக்கும் மீனைத் திருவிழாவுக்கு முந்திய வாரம் தூண்டிலில் எடுப்பது, யார் அனுமதித்தாலும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இடத்திலும் ஒரு விலக்கு உண்டு. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். வந்து கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்காத ஊர் அது. அங்கே மீன் பறவைக்கு உரியது.

மழை தொடங்கியதும் விரால் குஞ்சு பொரிக்கும். செந்நிறப் புள்ளிகளாகக் குஞ்சுக் கூட்டம் மேற்பரப்பில் கொப்பளித்தபடி நகரும். அதற்குக் கீழே பெற்ற மீன் காவலுக்கு வரும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையை இழுத்தால் எந்த வேகத்தில் இழுத்தாலும் கடிக்கும். பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்க. சில இடங்களில் இதையே திறமை என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். காவல் மீன் போன அன்றைக்கே ஜிலேபியும் கெளுத்தியும் அந்தக் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே செந்நிறக் கூட்டம் கண்ணில் பட்டால் இரையைச் சுருட்டிக்கொண்டு கரையின் அடுத்த முனைக்கு நடந்துவிடுங்கள். குஞ்சுகள் கறுத்துப் பிரிந்து போன பிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வரலாம்.